சவர்க்காரக் கம்பனியின் பங்கிலாபம்

கைக்கு மொத்தமாக ஒரு தொகை வந்து சேர்வது எமது பெண்களின் வாழ்வில் அடிக்கடி நடப்பதல்ல. கணவரை இழந்தவருக்குக் கிடைத்த நட்டஈடு, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய காசு, பல காலம் கட்டிய சீட்டு, விற்ற காணித்துண்டு என்று எப்போதாவது ஒருமுறை வரும். வந்தவுடன் அதை எங்கே பத்திரமாக வைப்பது என்ற யோசனையும் கூடவே வரும். நகையாக வாங்கினால் அவசரத்துக்கு அடகு வைக்கலாம். வங்கியில் நிலையான வைப்பில் இட்டால் வட்டி வரும். இவ்விரண்டும் எமக்குப் பழகிய வழிகள். இப்போது மாதர் சங்கக் கூட்டங்களில் வேறொரு கேள்வியும் எழுகிறது. "கம்பனிப் பங்கு வாங்கினால் வருடா வருடம் காசு வருமாமே, உண்மையா அக்கா?"

உண்மைதான், வரும். ஆனால் காசு வருமா என்று மட்டும் கேட்டால் போதாது. அதிக வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டிய கோல்டன் கீ நிறுவனமும் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் காசு கொடுத்தது. 2008ஆம் ஆண்டின் இறுதியில் அது சரிந்தபோது ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு முடங்கிப்போனது. மத்திய வங்கியின் அனுமதியுடன் இயங்கிய த பினான்ஸ் கம்பனியின் உரிமமும் 2020இல் இரத்துச் செய்யப்பட்டது. எனவே நாம் கேட்கவேண்டியது, கொடுக்கிற காசு அவர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதையே. இந்தக் கட்டுரையில் ஒரேயொரு கம்பனியை எடுத்து, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் பங்கிலாபம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். வங்கியில் பணம் வைப்பவர் வங்கிக்குக் கடன் கொடுத்தவர் போன்றவர். இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் பேசிய வட்டியை வங்கி கொடுத்தாக வேண்டும். பங்கு வாங்குபவரோ அந்தக் கம்பனியின் சொந்தக்காரரில் ஒருவர். ஆயிரம் பேரில் ஒருவரோ, கோடிப் பேரில் ஒருவரோ, சொந்தக்காரர் சொந்தக்காரர்தான். வருட முடிவில் இலாபம் வந்தால், அதில் எவ்வளவைப் பகிர்வது என்று பணிப்பாளர் சபை தீர்மானிக்கும். அப்படிப் பகிரும் காசுதான் பங்கிலாபம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குப் பணம் கட்டி அங்கத்தவரான தாய்மாருக்கு இது புதிதாக இராது. கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இன்றைக்குக் கொடுத்த கம்பனி நாளைக்கு நிறுத்தினால் வழக்குப் போட முடியாது.

அப்படியென்றால் எந்தக் கம்பனி நிறுத்தாமல் கொடுக்கும்? வீட்டுப் பாவனைப் பொருட்களைச் செய்கின்ற கம்பனிகளைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். காரணம் எமக்கு நன்றாகத் தெரிந்ததே. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்திலும் சவர்க்காரம் தேவைப்பட்டது. புதுச்சேலை வாங்காமல் இருக்கலாம், துணி தோய்க்காமல் இருக்க முடியாது.

எமது வீடுகளிலுள்ள சன்லைட் சவர்க்காரம் யூனிலீவருடையது. அதன் இலங்கைக் கம்பனியின் பங்குகள் கொழும்புப் பங்குச் சந்தையில் விற்கப்படுவதில்லை. ஆகவே யூனிலீவரின் பெரிய போட்டியாளரான அமெரிக்காவின் புரொக்டர் அன்ட் காம்பிள் கம்பனியை எடுத்துக்கொள்கிறோம். பம்பர்ஸ், ஜில்லட், ஓரல்-பி, ஹெட் அன்ட் ஷோல்டர்ஸ் ஆகிய பெயர்களைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். இதன் பங்கை வாங்கும்படி நாம் சொல்லவில்லை. இங்கிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்குவது அந்நியச் செலாவணிச் சட்டங்களுக்கு உட்பட்ட விடயம், எமது வாசகிகளில் எவருக்கும் அது இலகுவானதல்ல. ஆனால் இந்தக் கம்பனியின் கணக்கு எவரும் பார்க்கக்கூடியவாறு வருடா வருடம் வெளிவருகிறது. சமையல் பழகும் பிள்ளைக்கு முதலில் சோறு வடிக்கக் காட்டிக்கொடுப்பது போல, கணக்குப் பார்க்கப் பழகுவதற்கு இது நல்ல கம்பனி.

1837இல் சின்சினாட்டி நகரில் இது தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்து மெழுகுதிரி செய்த வில்லியம் புரொக்டரும், அயர்லாந்திலிருந்து வந்து சவர்க்காரம் செய்த ஜேம்ஸ் காம்பிளும் ஒரே வீட்டில் பெண் எடுத்த சகலன்மார். இருவரும் ஒரே மிருகக் கொழுப்புக்காகத் தனித்தனியே அலைவதைப் பார்த்த மாமனார், சேர்ந்து செய்யுங்கள் என்று சொன்னதாகக் கம்பனியின் வரலாறு கூறுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படைகளுக்குச் சவர்க்காரமும் மெழுகுதிரியும் கொடுத்து இந்தக் கம்பனி வளர்ந்தது. போர் எல்லோரையும் ஏழையாக்குவதில்லை என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம். 1879இல் ஐவரி சவர்க்காரம், 1946இல் டைட் சலவைத்தூள், 1961இல் பம்பர்ஸ் என்று பொருட்கள் பெருகின. 1933இல் வானொலியில் ஒரு தொடர் நாடகத்துக்கு அனுசரணை வழங்கி, சமையலறையில் நிற்கும் பெண்களின் காதுக்குச் சலவைத்தூளின் பெயரைக் கொண்டு சேர்த்தது. ஆங்கிலத்தில் தொடர் நாடகங்களை இன்றும் "சோப் ஒபரா" என்று அழைப்பது இத்தகைய சவர்க்காரக் கம்பனிகளால்தான்.

1890ஆம் ஆண்டு முதல் இந்தக் கம்பனி ஒரு வருடமும் தவறாமல் பங்கிலாபம் கொடுத்து வருகிறது. கொடுத்ததுடன் நில்லாமல், 2025 ஏப்ரலில் தொடர்ந்து 69ஆவது வருடமாக அதைக் கூட்டியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்கொன்றுக்கு 1.0568 டொலர், வருடத்துக்கு ஏறத்தாழ 4 டொலர் 23 சதம். தரகர்கள் இந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுவார்கள். "இத்தனை வருடம் கொடுத்தவர்கள் இனியும் கொடுப்பார்கள்" என்பார்கள். கடந்தகாலம் நல்ல சாட்சிதான். ஆனாலும் ஒரு வீட்டில் பெண் எடுக்கும்போது பாட்டனாரின் பெயரை மட்டுமா விசாரிக்கிறோம்? இன்றைய வருமானத்தையும் கடனையும் பார்க்கத்தானே வேண்டும்.

2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் கம்பனியின் விற்பனை 84.3 பில்லியன் டொலர். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. இவ்வளவு பெரிய தொகை கண்ணுக்குள் நிற்காது என்பதால் நூறு டொலராகச் சுருக்கிப் பார்ப்போம். நூறு டொலருக்குப் பொருள் விற்றால், அந்தப் பொருளைச் செய்ய ஏறத்தாழ 49 டொலர் போகிறது. விளம்பரம், நிர்வாகம், விற்பனைச் செலவு என்று 27 டொலர். வரியும் வட்டியும் போக மிஞ்சுவது 19 டொலர். அந்தப் பத்தொன்பதில் ஏறத்தாழ 12 டொலரைப் பங்குதாரருக்குக் கொடுக்கிறார்கள். அதாவது இலாபத்தில் நூற்றுக்கு 62 அளவில் பகிரப்படுகிறது. மிகுதி கம்பனியின் கையில் இருக்கிறது. வியாபாரம் கொஞ்சம் மந்தமானாலும் பங்கிலாபத்தைக் குறைக்காமல் சமாளிக்கலாம். இலாபத்தில் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்று வழித்துத் துடைத்துக் கொடுக்கும் கம்பனிக்கு அந்த இடைவெளி இல்லை.

இங்கே ஒரு நுணுக்கமான விடயம் இருக்கிறது. ஏட்டில் எழுதிய இலாபம் வேறு, கையிலுள்ள காசு வேறு. பங்கிலாபத்தைக் காசாகத்தான் கொடுக்க வேண்டும். 2005இல் இந்தக் கம்பனி ஜில்லட் கம்பனியை ஏறத்தாழ 57 பில்லியன் டொலருக்கு வாங்கியது. பிறகு ஆண்கள் முன்போல அடிக்கடி சவரம் செய்யாமல் விட்டார்கள், மலிவான பிளேட்டுகளும் சந்தைக்கு வந்தன. 2019இல், "நாங்கள் கணக்கில் எழுதி வைத்த அளவுக்கு ஜில்லட் பெறுமதியில்லை" என்று ஒப்புக்கொண்டு 8.3 பில்லியன் டொலரைக் கணக்கிலிருந்து வெட்டினார்கள். அதனால் அந்த வருடம் பங்கொன்றுக்கான இலாபம் 1.43 டொலராக விழுந்தது. கொடுத்த பங்கிலாபமோ ஏறத்தாழ 2.90 டொலர். உழைத்ததைப் போல் இரண்டு மடங்கு கொடுத்தார்களா? இல்லை. தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரி தன் தையல் மெஷினின் பெறுமதி ஐம்பதாயிரம் என்று எழுதி வைத்திருந்தார், இப்போது விற்றால் இருபதாயிரம்தான் வரும் என்று அறிகிறார். ஏட்டில் முப்பதாயிரம் நட்டம். ஆனால் இந்த மாதம் தைத்த சட்டைகளுக்கு வந்த கூலி அப்படியே கைப்பையில் இருக்கிறது. கம்பனியின் நிலையும் அதுதான். அந்த வருடம் வியாபாரத்திலிருந்து கைக்கு வந்த காசு 15 பில்லியன், பங்கிலாபத்துக்குப் போனது 7.5 பில்லியன்.

ஆகவே வருடாந்த அறிக்கையில் முதலில் பார்க்கவேண்டிய பக்கம் காசுப்பாய்ச்சல் கூற்று என்பதே எமது அபிப்பிராயம். 2025இல் வியாபாரத்திலிருந்து வந்த காசு 17.8 பில்லியன். இயந்திரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் 3.8 பில்லியன் போனது. மிஞ்சியது 14. அதிலிருந்து 9.9 பில்லியன் பங்கிலாபம் கொடுக்கப்பட்டது. இதுவரை எல்லாம் நன்று. ஆனால் அதே வருடம் தனது பங்குகளைத் தானே திரும்ப வாங்குவதற்கு மேலும் 6.5 பில்லியனைக் கம்பனி செலவிட்டிருக்கிறது. இரண்டையும் கூட்டினால் மிஞ்சியதைவிட அதிகம். பங்கிலாபத்துக்கு இதனால் உடனடி ஆபத்து இல்லை, திரும்ப வாங்குவதை எந்த வருடத்திலும் நிறுத்தலாம். என்றாலும் வரவுக்கு மேல் செலவழித்ததைக் கவனித்து வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கடன் எவ்வளவு? சுமார் 34 பில்லியன் டொலர். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் செயற்பாட்டு இலாபம் 20 பில்லியன், வருடாந்த வட்டி ஒரு பில்லியனுக்கும் குறைவு. மாதம் நாற்பதாயிரம் உழைப்பவர் இரண்டாயிரம் வட்டி கட்டுவது போன்றது. நுண்கடன் கம்பனிகளுக்கு வாரக்கட்டணம் கட்டிக் களைத்துப்போன எமது சகோதரிகளுக்கு, கடனின் பாரம் தொகையில் மட்டும் இல்லை, வருமானத்தில் எத்தனை பங்கு அதற்குப் போகிறது என்பதிலும் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கடனால் விழுந்த கம்பனிக்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ரப்பர்மெய்ட் பிளாஸ்டிக் பெட்டிகள், ஷார்ப்பி பேனைகள், கிரேகோ குழந்தை வண்டிகள் ஆகியவற்றை விற்கும் நியூவெல் பிரான்ட்ஸ் கம்பனியும் வீட்டுப் பாவனைப் பொருள் கம்பனிதான். 2016இல் ஜார்டன் என்ற பெரிய கம்பனியை வாங்கிக் கடனில் அமிழ்ந்தது. 2023 மே மாதத்தில் காலாண்டுப் பங்கிலாபத்தை 23 சதத்திலிருந்து 7 சதமாக வெட்டியது. வெட்டுக்கு முந்திய வாரங்களில் அந்தப் பங்கு நூற்றுக்கு 7க்கு மேல் பங்கிலாபம் தருவதாகத் தெரிந்தது. பார்த்தவர்களுக்கு ஆசை வந்திருக்கும். அந்த வீதம் பெரிதாகத் தெரிந்தது பங்கின் விலை விழுந்துகொண்டிருந்ததால்தான். பத்து ரூபா பங்கிலாபத்தை நூறு ரூபா விலையோடு ஒப்பிட்டால் 10 வீதம், விலை ஐம்பதாக விழுந்தால் அதே பத்து ரூபா 20 வீதமாகிவிடும். கம்பனி ஒரு சதம்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. இன்னொன்று, பிளாஸ்டிக் பெட்டியை அடுத்த வருடம் வாங்கலாம் என்று தள்ளிப்போடலாம். சவர்க்காரத்தை அப்படித் தள்ளிப்போட முடியாது. ஒரே வகைக் கம்பனி என்று பெயர் சொல்லிவிட்டால் போதாது, என்ன விற்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

சரி, சவர்க்காரம் விற்கும் கம்பனிக்குக் குறையே இல்லையா? எம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்தான் இதைக் கணக்காளரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள். 2023 ஜூனில் முடிந்த நிதியாண்டில் புரொக்டர் அன்ட் காம்பிள் தன் பொருட்களின் விலையைச் சராசரியாக 9 வீதம் கூட்டியது. விற்ற பொருளின் அளவோ 3 வீதம் குறைந்தது. கணக்கில் விற்பனை வளர்ந்ததாகத் தெரிந்தது. உண்மையில் குறைந்த சவர்க்காரத்தைக் கூடிய விலைக்கு விற்றிருக்கிறார்கள். 2022இல் எமது நாட்டில் விலைவாசி வருடத்துக்கு 70 வீத அளவில் ஏறியபோது நாம் என்ன செய்தோம்? போத்தலில் வாங்கிய ஷாம்பூவைச் சின்னப் பைக்கற்றில் வாங்கினோம், பெயர்பெற்ற சலவைத்தூளை விட்டு மலிவானதற்கு மாறினோம், ஒரு கட்டியைப் பாதியாக வெட்டிப் பாவித்தோம். அமெரிக்கப் பெண்களும் அதையே செய்கிறார்கள். விலையை ஒரு அளவுக்கு மேல் கூட்ட முடியாது. 2024இல் 84.0 ஆக இருந்த விற்பனை 2025இல் 84.3 பில்லியனுக்கு மேல் நகராததும் அதனால்தான் என்று எண்ணத் தோன்றுகிறது. மேலும், விற்பனையில் ஏறத்தாழ 16 வீதம் வோல்மார்ட் என்ற ஒரே கடைத்தொகுதி மூலம் நடக்கிறது. ஒரே முதலாளிக்கு மட்டும் பீடி சுற்றிக் கொடுப்பவருக்கு இதன் சங்கடம் விளங்கும்.

பங்கிலாபம் கூடுகிறது என்பதையும் அப்படியே விழுங்கக்கூடாது. 2022இல் இக்கம்பனி 5 வீதம் கூட்டியது, 2023இல் 3 வீதம். 2022இல் அமெரிக்காவில் விலைவாசி 8 வீதம் ஏறியது. கூட்டியும் காசின் வாங்கும் சக்தி குறைந்துதான் போயிற்று. 2021இல் 10, 2024இல் 7, 2025இல் 5 என்று மற்ற வருடங்கள் கொஞ்சம் ஈடு செய்தன.

இன்னும் பெரிய விடயம் முதலின் பாதுகாப்பு. 2000ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி, இலாபம் எதிர்பார்த்ததைவிடக் குறையும் என்று கம்பனி அறிவித்ததும் பங்கின் விலை ஒரே நாளில் ஏறத்தாழ 30 வீதம் விழுந்தது. காலையில் ஒரு இலட்சமாக இருந்தது மாலையில் எழுபதாயிரம். ஓய்வுகாலச் சேமிப்பின் பெரும்பகுதியை அந்தப் பங்கிலேயே வைத்திருந்த தொழிலாளர்கள் துடித்துப்போனார்கள். பங்கிலாபம் அந்த வருடமும் கூடியது, விலையும் பல வருடங்களின் பின் மீண்டது. காத்திருக்க முடிந்தவர்கள் தப்பினார்கள். அடுத்த மாதம் மகளுக்குக் கலியாணம் என்று இருந்தவர் என்ன செய்திருப்பார்? வங்கி வைப்புக்கு எமது நாட்டில் வைப்புக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது, ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை. பங்குக்கு அப்படி எந்தக் காப்புறுதியும் கிடையாது.

இனி விலை. இந்தப் பங்கின் விலை 150 டொலர் என்று வைத்துக்கொண்டால், 4 டொலர் 23 சதம் என்பது நூற்றுக்கு 2.8. அதே பங்கை 200 டொலருக்கு வாங்கினால் 2.1 தான். கம்பனி ஒன்றே, கிடைக்கும் காசும் ஒன்றே, வாங்கிய விலைதான் வேறு. நல்ல மாட்டையும் அதிக விலைக்கு வாங்கினால் பால் விற்றுக் கட்டாது.

இதை எமது ரூபாவில் வைத்துப் பார்ப்போம். கொழும்புச் சந்தையில் இதேபோன்ற ஒரு நல்ல கம்பனி நூற்றுக்கு 3 கொடுக்கிறது, வருடத்துக்கு 5 வீதம் கூட்டியும் வருகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு இலட்சத்துக்கு வருடம் 3,000 ரூபா. 2023 முதல் பங்கிலாபத்தில் 15 வீதம் வரி கழிக்கப்படுவதால் கைக்கு வருவது 2,550. மாதத்துக்கு 212 ரூபா. வங்கி வைப்புக்கு 8 வீதம் வட்டி என்றால் 8,000 ரூபா. வட்டியில் 2025 ஏப்ரல் முதல் 10 வீதம் வரி பிடிக்கப்படுகிறது, ஆனால் வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். வருடம் 5 வீதம் கூடிக்கொண்டு போனால், வரிக்கு முந்திய அந்த 3,000 ரூபா 8,000 ஆவதற்கு இருபது வருடம் செல்லும். இடையில் பங்கின் விலையும் ஏறியிருக்கலாம், வங்கி வட்டி இறங்கியிருக்கலாம். ஆனால் முதல் இருபது வருடமும் வீட்டுச் செலவுக்குக் கைக்கு வரும் காசு வைப்பிலேதான் அதிகம்.

அறுபது வயதில், மாத வட்டியை நம்பி மருந்து வாங்கும் தாய்க்குப் பங்கு ஏற்றதல்ல என்று தயங்காமல் சொல்லலாம். கடன் இருப்பவர் முதலில் கடனைத் தீர்ப்பதே இலாபம், எந்தக் கம்பனியும் நுண்கடன் வட்டியை ஈடுசெய்யும் அளவுக்குப் பங்கிலாபம் தருவதில்லை. முப்பது வயதில், நிரந்தர வேலையுடன், ஆறு மாதச் செலவுக்கான காசு வங்கியில் இருக்கும் சகோதரி, பத்துப் பதினைந்து வருடம் தொடாமல் விடக்கூடிய ஒரு சிறு பகுதியை ஒன்றுக்கு மேற்பட்ட கம்பனிகளில் இடுவதைப் பற்றி யோசிக்கலாம். கம்பனிகளின் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். உயர்தரத்தில் கணக்கீடு படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வருமானக் கூற்று, ஐந்தொகை, காசுப்பாய்ச்சல் கூற்று ஆகிய மூன்று பக்கங்களையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடந்த ஐந்து வருடப் பங்கிலாபத்தையும், அதே ஐந்து வருடம் வியாபாரத்திலிருந்து வந்த காசையும் ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பங்கு வாங்குவதென்றால் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் உரிமம் பெற்ற தரகர் ஊடாகவே வாங்கவேண்டும். வீடு தேடி வந்து பற்றுச்சீட்டு எழுதிக் காசு கேட்பவரிடம் கொடுக்கவேண்டாம். பங்கிலாபம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கும் பங்குக் கணக்கும் அண்ணனின் பெயரிலோ மருமகனின் பெயரிலோ இல்லாமல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.